கூலா மெலாக்கா கலந்த கடைசிப் படி

குளியலறைக் கூரையில் வெள்ளையாக ஏதோ வழிந்து உறைந்திருக்கிறது. மேல்மாடிக்காரர்கள் வாளியைக் கவிழ்க்கும்போதெல்லாம் என் தலையில் சொட்டிக்கொண்டிருந்த இடம் அது. இன்று காலை பல் துலக்கிக்கொண்டே அண்ணாந்து பார்த்தேன். சொட்டவில்லை. விரிசல் ஓடிய கோடு நெடுகச் சுண்ணாம்பு பூத்து, நடுவில் பூனைப் பல் போல ஒரு சிறு முனை தொங்கியது. முக்காலியில் ஏறி நகத்தால் சுரண்டி, விரலை மூக்கருகே கொண்டுபோனேன். நம் வேலையிடத்துத் தொட்டிகளின் அதே நனைந்த சுண்ணாம்பு வாசனை. உடனே நீ வந்து நின்றுவிட்டாய். உயிரோடு இருந்தபோதும் உனக்கு நேரம் காலம் கிடையாது, இப்போதும் இல்லை.

அந்த ஒழுக்கை அடைக்க என் மகள் வசந்தி அம்பாங்கிலிருந்து ஓர் ஆளை அனுப்பியிருந்தாள். அவர் சுத்தியலும் உளியுமாக வந்து, அண்ணாந்து பார்த்துவிட்டு, "அங்கிள், இத அப்படியே கொத்தி எடுத்துட்டு புதுசா பூசிறலாம் லா. அரை நாள் வேலை," என்றார்.

"வேண்டாம். கை வைக்காதேங்கோ."

"திரும்ப லீக் ஆகும் அங்கிள்."

"ஆகாது. அது தன்பாட்டில ஆறியிட்டுது."

கிழவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார். அவர் தெருமுனை தாண்டுவதற்குள் வசந்தியின் தொலைபேசி வந்துவிட்டது. "அப்பா, நீங்க எதையுமே மாத்த விடமாட்டீங்க. அந்த வீட்டையும் மாத்த மாட்டீங்க. அங்க தனியா உட்கார்ந்து என்னதான் செய்றீங்க?" என்றாள். அவள் சொல்வதில் பிழையில்லை. நான் ஒன்றும் செய்வதில்லை. கோலாலம்பூரின் இந்தப் பிரிக்பீல்ட்ஸ் முழுக்கத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். ரயில்வே நிலத்தில் பெரிதாக ஏதோ எழுப்புகிறார்கள். காலையிலிருந்து மாலை வரை நிலத்தில் தூண் இறக்கும் சத்தம். சாளரத்தைத் திறந்தால் சிமெண்ட் தூசி. வாழ்நாள் முழுக்க சிமெண்டோடு மாரடித்தவனுக்கு ஓய்வுக்காலத்திலும் அதுவே தலையில் கொட்டுகிறது. உண்மையைச் சொன்னால், எனக்கு எல்லாமே சலித்துவிட்டது. உனக்கு எழுத உட்கார்ந்ததுகூட வேறு யாரிடமும் பேசத் தெம்பில்லாததால்தான்.

நாம் சந்தித்த அந்தச் சோதனைக்கூடம் நினைவிருக்கிறதா? தகரக் கூரை, உள்ளே தொட்டி தொட்டியாகத் தண்ணீர், தண்ணீருக்குள் ஊறும் கான்கிரீட் கட்டிகள். நாட்டில் எங்கே பாலம் கட்டினாலும், துறைமேடை கட்டினாலும், அதன் கலவையில் ஒரு பிடி கட்டியாக நம்மிடம் வரும். நாம் அதை அழுத்தும் இயந்திரத்தில் வைத்து உடைத்துப் பார்ப்போம். கட்டியவர்கள் எல்லாம் ஊர் ஊராகப் பேர் வாங்க, நாம் இரண்டு பேரும் உடைத்தே சம்பளம் வாங்கினோம். நீ கிள்ளான் ஆள். நான் யாழ்ப்பாணத்து வழிவந்த பிரிக்பீல்ட்ஸ் ஆள். நான் 'ஓம்' என்று சொல்லும்போதெல்லாம், "என்னடா, மந்திரம் ஓதுறியா? ஆமான்னு சொன்னா வாய் சுளுக்கிக்குமா?" என்று சிரிப்பாய். உன் சிரிப்புச் சத்தத்துக்கு, அந்த இயந்திரத்தின் சத்தமே தேவலை.

விரிசலைப் பற்றிய பைத்தியம் உனக்கு எங்கே பிடித்தது என்பதும் எனக்குத் தெரியும். செந்தூல் பக்கம் ஒரு தண்ணீர்த் தொட்டி. கட்டி முடித்து நிரப்பியதும் பக்கச் சுவரில் மயிரிழை போல விரிசல், ஈரம் கசிகிறது. ஆட்கள் பதறிக்கொண்டு வந்தார்கள். நம் எஞ்சினியர் பதறவில்லை. "தண்ணீரை இறக்காதீர்கள். காத்திருங்கள். தானே மூடிக்கொள்ளும்," என்று சொல்லி நம் இருவரையும் காவலுக்கு அனுப்பினார். கான்கிரீட்டுக்குள் வேலையை முடிக்காத சிமெண்ட் மிச்சம் கிடக்கும், தண்ணீர் பட்டால் அது மறுபடி விழித்துக்கொள்ளும், சுண்ணாம்பும் கரைந்து வந்து இடைவெளியை அடைக்கும் என்று விளக்கினார். விரிசல் மெலிதாக இருக்க வேண்டும், ஈரம் காயக்கூடாது, அசைவு கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. நான் கேட்டுக்கொண்டு மறந்துவிட்டேன். நீ மறக்கவில்லை. வாரா வாரம் அந்தச் சுவரைப் போய்ப் பார்த்தாய். ஒருநாள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாய். ஈரம் நின்று, கோடு முழுக்க வெள்ளை. "பாருடா! யாருமே மருந்து போடல. நம்ம கை பட்டிருந்தா கெட்டிருக்கும்," என்று சுவரைத் தடவிக்கொடுத்தாய். மாட்டைத் தடவுவதைப் போலத் தடவினாய். எனக்கு அப்போது பசி. எப்போதடா சாப்பிடப் போவோம் என்று நின்றேன்.

பிறகு பூமணி போனாள்.

என் மனைவியைப் பற்றி உனக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. உன் வீட்டுக் குழந்தைகளுக்கு முறுக்குச் சுட்டுக் கொடுத்தனுப்பியவள். மருத்துவமனையில் கிடந்த நாளெல்லாம் நீ வந்து போனாய். அஸ்தி கரைக்கக் கிள்ளானுக்குத்தான் போகவேண்டும் என்று ஏற்பாடு செய்ததும் நீதான். கோலாலம்பூரில் இருக்கிற எங்களுக்கு வேறு கடல் ஏது?

துறைமுகத்தைத் தாண்டி, பாக்காவ் என்கிற அலையாத்தி மரங்கள் வேர்களைச் சேற்றில் ஊன்றி நிற்கும் அந்தக் கரைக்கு வந்து சேரத் தாமதமாகிவிட்டது. கடல் வற்றியிருந்தது. தண்ணீர் எங்கோ தொலைவில் பளபளக்க, நடுவில் வெறும் சேறு. ஐயர் பானையை என் கையில் கொடுத்து, "தண்ணி வரைக்கும் போங்கோ. விட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வரணும்," என்றார். நடந்தேன். கணுக்கால், முழங்கால், பிறகு கால் வரவே இல்லை. அப்படியே முன்புறமாக விழுந்தேன். பானை என் நெஞ்சுக்குக் கீழே உடைந்தது.

கடல் இன்னும் தூரத்தில் இருந்தது. அவள் சேற்றில் கிடந்தாள்.

நீ கால்சட்டையோடு இறங்கி வந்து என்னைத் தூக்கினாய். திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது முறை. நான் பார்த்தேன். சாம்பல் நிறச் சேற்றின்மேல் வேறொரு சாம்பல், அதைச் சுற்றித் துள்ளுகிற சேற்று மீன்கள். கரையில் ஒரு வாளித் தண்ணீரால் என் முகத்தையும் கைகளையும் நீ கழுவிவிட்டாய்.  

அதன் பிறகு ஒருநாள் தொட்டியிலிருந்து கட்டிகளை எடுத்துக்கொண்டிருக்கும்போது, என்னைப் பார்க்காமலே, "அங்க படி கட்டணும்டா," என்றாய்.

"எங்க?"

"கேக்காத. உனக்குத் தெரியும்."

கிள்ளானில் ஈமக்கிரியைகளுக்கு உதவும் ஒரு கமிட்டி இருந்தது. அதன் தலைவர் மளிகைக்கடைக்காரர், நல்ல மனுஷர், எதற்கெடுத்தாலும் முன்னோர்களை இழுப்பவர். அவரைப் பிடித்தாய். கரை நெடுக நடந்து, கடல் வற்றினாலும் தண்ணீர் விலகாத ஓடை வளைவு ஒன்றைக் கண்டுபிடித்தாய். அங்கே பழைய கருங்கல் கரை இருந்தது, அடியில் உறுதி. ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை. நானும் வந்தேன், வராமல் இருந்தால் நீ விடமாட்டாய். ஆனால் மேலே, மணலும் கல்லும் கிடந்த இடத்தோடு நின்றுகொண்டேன். கலவை போட்டேன், வாளி நிரப்பினேன். கீழே ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. நீயும் கூப்பிடவில்லை.

கம்பியே போடப்போவதில்லை என்று நீ சொன்னபோது கமிட்டியில் ஒரே கூச்சல். தலைவர் எழுந்து நின்றுவிட்டார். "கம்பி இல்லாம கான்கிரீட்டா? நாய்க் கூண்டுக்குக்கூட கம்பி போடறாங்க. என்ன அண்ணே, சாவுக் காரியம்தானேன்னு ஏனோதானோன்னு செய்றீங்களா?"

உனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனாலும் அடக்கிக்கொண்டு சொன்னாய். "தலைவரே, உப்புத்தண்ணி உள்ள போய் கம்பியத் தொட்டுச்சுன்னா துரு புடிக்கும். துரு வீங்கும். வீங்கினா உள்ளேருந்தே வெடிச்சிரும். கப்பல் கட்டுற ஜெட்டியெல்லாம் அப்படித்தானே உதிருது? நம்ம படி என்ன பாலமா, அந்தரத்துல தொங்க? தரையில குந்தப்போவுது. கனமா போடுவோம், கம்பிய மறந்திருவோம். சின்னதா விரிசல் விட்டா அதுவே ஆறிக்கும்."

"கான்கிரீட்டு ஆறுமா? புண்ணா அது?" என்று யாரோ சிரித்தார்கள். நானும் உள்ளுக்குள் சிரித்தேன் என்று வைத்துக்கொள். உன் பைத்தியம் எனக்குப் பழகிப்போயிருந்தது.

மேல் படிகள் ஒழுங்காக வந்தன. கடைசிப் படி, தண்ணீருக்குள் இறங்கும் படி, அதுதான் முக்கியம். கடல் வற்றும் நேரம் பார்த்து, மணல் மூட்டைகளால் ஓடையைத் தடுத்து, பலகை அடைத்து, தண்ணீர் ஏறுவதற்குள் போட்டு முடிக்க வேண்டும். எல்லாம் தயாராக இருந்தது. நாம் இரண்டு பேரும் பாலில்லாத கோப்பி ஓ குடித்துவிட்டு வருவோம் என்று சந்திக்கடைக்குப் போனோம். திரும்பி வந்தபோது ஆட்கள் உற்சாகமாக வேலையை ஆரம்பித்திருந்தார்கள். தலைவர் முகத்தில் ஒரு தனிக் களை. நீ கவனிக்கவில்லை. நானும்தான்.

போட்டு முடித்தோம். வெயில் ஏறியது. கட்டியாகியிருக்க வேண்டிய நேரத்தில் நீ விரலால் அழுத்தினாய். விரல் கஞ்சிக்குள் போவதைப் போல உள்ளே போனது. இன்னும் கொஞ்சம் பொறுத்து அழுத்தினாய். அதே கஞ்சி. ஓடைப்பக்கம் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. நீ சிமெண்ட் மூட்டையைப் பார்த்தாய், மணலைப் பார்த்தாய், நேராகத் தண்ணீர்ப் பீப்பாய்க்குப் போய் விரலை விட்டு நாக்கில் வைத்தாய்.

"டேய், இனிக்குதுடா!"

நான் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உன் முகம் போன போக்கைப் பார்த்து, அத்தனை துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூமணி போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

தலைவர் பெருமையாகவே சொன்னார். "நம்ம முன்னோர் கட்டுன கோயில் எல்லாம் இன்னிக்கும் நிக்குது. சிமெண்டா போட்டாங்க? சுண்ணாம்புல கடுக்காயும் கருப்பட்டியும்தானே ஊத்தினாங்க? இங்க நல்ல கருப்பட்டி கிடைக்கல. அதான் இந்த ஊரு தென்னவெல்லம், கூலா மெலாக்கா கரைச்சு ஊத்தினேன். கடையில இருந்தது பூரா கொண்டாந்துட்டேன் அண்ணே. கடைசிப் படியாச்சே, உறுதியா இருக்கட்டும்னு."

சுண்ணாம்புக்கு அமிர்தம், சிமெண்டுக்கு விஷம். ஒரு கைப்பிடி இனிப்பு போதும் கான்கிரீட்டைத் தூங்க வைக்க. அவர் கடையையே காலி செய்து ஊற்றியிருந்தார். வேறு யாராவது என்றால் நீ வாயில் வந்ததையெல்லாம் திட்டியிருப்பாய். வாயைத் திறக்கவும் செய்தாய். ஆனால் அந்த மனுஷர் முகத்தைப் பார்த்ததும் என்ன நினைத்தாயோ, தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி. ஊத்தினது ஊத்தியாச்சு. யாரும் பலகையக் கழட்டாதீங்க. சாக்கு கொண்டாங்க, மணல் மூட்ட கொண்டாங்க. இது தூங்கி எந்திரிக்கட்டும்," என்றாய். ஏறி வந்த கடலுக்கும் கட்டியாகாத படிக்கும் நடுவில் எல்லாரும் மூட்டை அடுக்கினார்கள். தலைவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

படி நாள் கணக்காகத் தூங்கியது. மேல்தோலைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிக்கொண்டு போய்விட்டது. ஒருவழியாகக் கட்டியாகி, பலகையைக் கழற்றியபோது, மற்றப் படிகள் கன்னம் போல வழவழவென்று இருக்க, இது மட்டும் கல்லெல்லாம் வெளியே துருத்திக்கொண்டு அம்மை வார்த்த முகம் போல இருந்தது. குறுக்கே ஒரு மெல்லிய விரிசல் வேறு. தலைவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதாராம். "கொத்திப் போட்டுருங்க அண்ணே, என் செலவுல புதுசா போட்டுடலாம்," என்றாராம். நீ சம்மதிக்கவில்லை. "கை வைக்காதீங்க. தண்ணில கிடக்கு, கம்பியும் இல்ல, அசைவும் இல்ல. ஆறட்டும்."

இதெல்லாம் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைய கூலா மெலாக்கா நாளுக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

பூமணியின் திதிக்கு ஆண்டுதோறும் நீ வந்தாய். ரயில் ஏறி, கையில் தேங்காயும் வாழைப்பழமுமாக, இந்த வாசலில் நின்று ஒரே கேள்வி. "வரியா? படி வரைக்கும் போய்ட்டு வரலாம்."

"நான் வரமாட்டன்."

"சரி."

நான் கோயிலில் கொடுக்க வேண்டியதைக் கொடுப்பேன். நீ தனியாகக் கிள்ளானுக்குத் திரும்பிப் போய் அந்தப் படியில் நின்று அவளுக்காக ஒரு பூவைத் தண்ணீரில் விட்டுவிட்டு வருவாய். அடுத்த நாள் வேலையில் விரிசல் நிலவரம் சொல்வாய். "பாதி மூடிருச்சுடா." "வெள்ளக்கோடு வந்துருச்சுடா." மாமியார் வீட்டுச் செய்தியைப் போல நான் கேட்காமலேயே சொல்வாய். இன்னொன்றும் சொல்வாய். வழவழப்பான மேல் படிகளில் பாசி பிடித்து எல்லாரும் வழுக்குகிறார்களாம். அந்தச் சொரசொரப்பான கடைசிப் படியில் மட்டும் ஒருவரும் விழுவதில்லையாம். மேல் படிகளையும் நீயே போய்க் கொத்திச் சொரசொரப்பாக்கினாய். "தலைவர் தெரியாம செஞ்சதுதான் நம்ம தெரிஞ்சு செஞ்சத விட நல்லா இருக்கு," என்று சிரித்தாய். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு தடவை வெடித்துவிட்டேன்.

"உனக்கென்ன, நீ படி கட்டிப்போட்டாய், சரியாப் போச்சு. அவள் கடலுக்கே போய்ச் சேரேல்லையடா! சேத்துக்குள்ள விட்டுட்டு வந்தனான். அந்தத் தண்ணியை நான் எந்த முகத்தோட பாக்கிறது?"

நீ உடைத்துக்கொண்டிருந்த கட்டியை அப்படியே விட்டுவிட்டு, இயந்திரத்தை நிறுத்தினாய். "அன்னிக்கு சாயந்திரம் தண்ணி ஏறல? கடலு என்ன லீவு எடுத்துச்சா? நீ கொண்டுபோய் விட முடியலன்னா, அதுவே வந்து கூட்டிட்டுப் போயிருக்கும்டா, மடையா." அவ்வளவுதான். மறுபடி இயந்திரத்தைப் போட்டுவிட்டாய். நான் கழிப்பறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை. அவள் போனதிலிருந்தே வரவில்லை. அதை நான் உன்னிடம்கூடச் சொன்னதில்லை. உள்ளே காய்ந்துபோய்க் கிடந்தேன்.

அதற்கடுத்த ஆண்டும் வந்து கேட்டாய். "வரியா?" "வரமாட்டன்." "சரி." எத்தனை தடவைதான் ஒரு மனிதன் கேட்பான்? உனக்குச் சலிப்பே கிடையாதா என்று நினைப்பேன். இப்போது இந்த வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது புரிகிறது. எனக்கிருந்த சலிப்பையும் சேர்த்து நீதான் சுமந்திருக்கிறாய்.

கடைசியில் இனிப்பு உன்னையும் விடவில்லை. சர்க்கரை வியாதி முதலில் காலைத் தின்றது, பிறகு சிறுநீரகம். மருத்துவமனைக் கட்டிலில் கிடந்துகொண்டே, "எனக்கும் எவனோ கூலா மெலாக்கா ஊத்திட்டான்டா," என்றாய். சிரிக்க நினைத்தேன். முடியவில்லை.

போன மாதம் உன் மகன் குமரன் கூப்பிட்டான். "அங்கிள், அப்பாவ அந்தப் படியிலதான் கரைக்கணும்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. நீங்க கூட வரணும்." வரமாட்டன் என்று வாய்வரை வந்தது. வழக்கமாகக் கேட்கிற நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ பானைக்குள் இருந்தாய்.

போனேன். பாக்காவ் மரங்கள் குறைந்துவிட்டன, தூரத்தில் கப்பல் பாரந்தூக்கிகள் பெருகிவிட்டன. பக்கத்திலிருந்த துறைமேடையில் கம்பிகள் துருவேறிப் பிதுங்கி, கான்கிரீட் ஓடு ஓடாகக் கழன்றுகிடந்தது. உன் படிகள் அப்படியே இருந்தன. குமரன் முன்னே இறங்கினான். நான் மேலே நின்றேன், அன்று கலவை போட்ட அதே இடத்தில். அவன் திரும்பி, "அங்கிள், வழுக்கும், கையக் குடுங்க," என்றான்.

"அந்தக் கடைசிப் படி வழுக்காது தம்பி," என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன்.  துருத்திய அந்தக் கற்களின்மேல் பட்டதும் கால் பிடித்துக்கொண்டது. தண்ணீர் கணுக்கால் வரை. பெருவிரலால் தடவினேன். நீ ஆண்டாண்டாகச் சொன்ன கோடு அங்கேதான் இருந்தது, மூடி, மேடுதட்டி, தழும்பாக. குமரன் உன்னைத் தண்ணீரில் விட்டான். சேறில்லை, தண்ணீர்தான். ஓடை உன்னை மெல்லச் சுற்றி எடுத்துக்கொண்டு கடல் பக்கம் போனது. ஐயர் சொன்னபடி குமரன் திரும்பிப் பார்க்காமல் படியேறினான்.

நான் கூட வந்தவன்தானே. அந்த விதி எனக்கில்லை. நின்று பார்த்தேன். நீ போகிற அந்த வழியில்தான் அவளும் போயிருப்பாள். பூமணி, பூமணி என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். அதற்குப் பிறகு எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. இத்தனை ஆண்டும் வராதது மொத்தமாக வந்தது. முகமெல்லாம், சட்டையெல்லாம் நனைந்தது. குமரன் பயந்துபோய் ஓடி வந்து என் தோளைப் பிடித்தான். "அங்கிள், மேல வாங்க, போதும், வாங்க."

"கொஞ்ச நேரம் என்னை அசைக்காதே தம்பி," என்றேன்.

அவன் கையை எடுத்துக்கொண்டான். தண்ணீர் முழங்கால் வரை ஏறும்வரை நின்றேன்.

வசந்தியிடம் வீடு மாறுவதைப் பற்றி அப்புறம் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். பூமணியின் திதி வருகிறது. இந்த முறை நானே கிள்ளானுக்கு ரயில் ஏறப்போகிறேன், இரண்டு பூ கொண்டுபோவேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது பாதத்தில் அந்தக் கற்களின் தடம் குழி குழியாகப் பதிந்திருந்தது. மறுநாளே மறைந்துவிட்டது. ஆனாலும் குளியலறையில் ஈரத்தரையில் கால் வைக்கும்போதெல்லாம் அது என்னைப் பிடித்துக்கொள்கிறது.